நிறுத்தத் தெரிந்த கை

பின்பால் மேசையில் எந்த இடம் அதிகம் சத்தம் போடுகிறதோ, அந்த இடம் பெரும்பாலும் குறைவாகவே கொடுக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளோடு கூடவே வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ மேசையை எடுத்துக்கொள்வோம். மேற்பகுதியில் கூட்டமாக நிற்கும் பம்பர்களுக்கு நடுவே பந்து மாட்டிக்கொண்டால், அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெறித்துக்கொண்டே இருக்கும், விளக்குகள் மின்னும், ஒலி அடுக்கடுக்காக எழும், வலப்பக்கத்தில் எண்கள் ஓடும். பார்ப்பவருக்கு ஆட்டம் உச்சத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அங்கே ‘அட்டாக் பம்பர்’ ஒன்றின் மேல் பந்து ஒருமுறை மோதினால் தொடக்கத்தில் கிடைப்பது 500 புள்ளி. மெனக்கெட்டு அந்தப் பம்பர்களைக் கடைசிப் படிவரை ஏற்றினாலும் மோதலுக்கு 2,000 புள்ளிதான். அதே மேசையில், புதிதாக ஆட வந்தவருக்கு முதலில் தரப்படும் எளிய மிஷன் ஒன்றை முடித்தால் ஒரே மூச்சில் 5 லட்சம் சேர்கிறது. ஆயிரம் பம்பர் மோதல்கள் சேர்ந்தால்தான் அந்த ஒரு மிஷனுக்கு ஈடாகும். இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக வந்ததல்ல, மேசையை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அதைப் புரிந்துகொண்டவரும் புரிந்துகொள்ளாதவரும் ஒரே பந்தை, ஒரே மேசையில், ஒரே இரண்டு விசைகளால் ஆடினாலும் உண்மையில் வெவ்வேறு ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உச்சப் புள்ளி கைவேகத்தின் அளவு என்ற பொதுவான எண்ணம் தவறு என்பதே என் வாதம். அது வாசிப்பின் அளவு. பந்தை அடிக்கத் தெரிந்தவரைவிட, அதை நிறுத்தி வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று தீர்மானிக்கத் தெரிந்தவரே எண்ணை உயர்த்துகிறார்.

இந்த மேசைதான் உதாரணம் என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் இயங்கிய சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. 1995இல் மேக்ஸிஸ் நிறுவனம் ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ என்ற பெயரில் வெளியிட்ட தொகுப்பில் இருந்த மூன்று மேசைகளில் இது ஒன்று. மற்ற இரண்டும் ‘ஸ்கல்டக்கரி’, ‘டிராகன்ஸ் கீப்’. மைக்ரோசாஃப்ட் இந்த ஒன்றை மட்டும் எடுத்து விண்டோஸ் 95க்கான ‘பிளஸ்!’ தொகுப்பிலும், பிறகு விண்டோஸ் என்டி, 2000, எம்இ, எக்ஸ்பி ஆகியவற்றிலும் சேர்த்தது. அதனால், பின்பால் இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தே இராத கோடிக்கணக்கானவர்களுக்கு இதுவே பின்பால் ஆயிற்று. இணைய இணைப்பு இல்லாத தமிழ்நாட்டுப் பள்ளிக் கணினி அறையிலும் அலுவலக மேசையிலும் ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் சொலிடேருக்குப் பக்கத்தில் இது இருந்தது. இத்தனை பேர் ஆடிய இந்த மேசையின் விதிகளை விளக்கும் உதவிக் கோப்பும் உள்ளேயே இருந்தது. அதைத் திறந்து படித்தவர்கள் சிலரே. மற்றவர்கள் பந்து கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆட்டம் என்று நினைத்தே ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். பந்தை விழாமல் காப்பது ஆட்டத்தின் நிபந்தனை மட்டுமே, நோக்கம் வேறு.

நோக்கம் என்ன என்பதை மேசையே சொல்கிறது. ஆடுபவர் கேடட் பதவியில் தொடங்கி, எட்டுப் பதவிகள் ஏறி, ஃப்ளீட் அட்மிரல் ஆக வேண்டும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் நடுவில் இருக்கும் வட்டத்தில் 18 விளக்குகள் எரிய வேண்டும். மிஷன்களை முடித்தால் விளக்குகள் எரியும். மிஷன் இலக்குகளை அடித்து எந்தப் பணி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு லாஞ்ச் ராம்ப் மேல் பந்தை ஏற்றி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்க நிலையில் கிடைக்கும் ‘டார்கெட் பிராக்டிஸ்’, ‘லாஞ்ச் டிரெய்னிங்’, ‘ரீ-என்ட்ரி டிரெய்னிங்’ ஒவ்வொன்றும் 5 லட்சம் புள்ளியும் 6 விளக்குகளும் தருகின்றன; ‘சயின்ஸ் மிஷன்’ 7.5 லட்சமும் 9 விளக்குகளும் தருகிறது. கணக்குப் போட்டால் ஒரு விஷயம் தெரியும். முதல் வகையில் மூன்று முடித்தாலும் சரி, சயின்ஸை இரண்டு முறை முடித்தாலும் சரி, பதவி உயர்கிறபோது கையில் இருப்பது அதே 15 லட்சம்தான். விளக்குக்கு இவ்வளவு என்று விலை ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, எது அதிகம் தரும் என்பதல்ல. எது பந்தை ஆபத்தான இடங்களுக்கு அனுப்பாமல் முடியும் என்பதுதான். லாஞ்ச் டிரெய்னிங்கிற்கு ராம்ப்பை மூன்று முறை ஏறினால் போதும். ராம்ப் அடி ஒன்றே ஒன்று கைக்குப் பழகியவருக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. சயின்ஸ் மிஷனுக்கு ஒன்பது இலக்குகளை வீழ்த்த வேண்டும். நின்றிருக்கும் இலக்கின் மேல் நேராக மோதுகிற பந்து எந்தக் கோணத்தில் திரும்பி வரும் என்பது மோதுகிற நொடிவரை தெரியாது. புள்ளி சமம், ஆபத்து சமமல்ல. இதை வாசிக்காமல் கண்ணில் பட்ட இலக்கையெல்லாம் அடிப்பவர் எவ்வளவு வேகமான விரல்களை வைத்திருந்தும் பயனில்லை.

இதே இடத்தில் இன்னும் நுட்பமான ஒன்றும் இருக்கிறது. டார்கெட் பிராக்டிஸ் மிஷனுக்கு அட்டாக் பம்பர்களை எட்டு முறை தொட வேண்டும். அந்த மிஷன் நடக்கும்போது ஒவ்வொரு பம்பர் மோதலும் 5 லட்சத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 62,500 பெறுமானம் உடையதாகிறது. மிஷன் இல்லாத நேரத்தில் அதே பம்பரில் அதே மோதல் 500. பொருள் மாறவில்லை, பந்து மாறவில்லை, அடித்த கோணம்கூட மாறவில்லை. மதிப்பு 125 மடங்கு மாறியிருக்கிறது. மேசையின் எந்த இடத்துக்கும் நிரந்தர விலை கிடையாது, அந்த நேரத்தில் எந்த விதி உயிரோடு இருக்கிறது என்பதே விலையை முடிவு செய்கிறது. நல்ல ஆட்டக்காரர் மேசையைப் பார்க்கும்போது பம்பரையும் இலக்கையும் ராம்ப்பையும் பார்ப்பதில்லை. இப்போது எந்த விளக்கு எரிகிறது, அதனால் எந்த இடம் விலை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். இதைத்தான் வாசிப்பு என்கிறேன். பந்து மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு நொடிகளில் செய்யவேண்டிய வாசிப்பு இது என்பதால், அதற்கு நேரம் சம்பாதித்துக்கொள்வதே முதல் திறமையாகிறது.

நேரம் சம்பாதிப்பது என்றால் பந்தை நிறுத்துவது. பக்கவாட்டுப் பாதை வழியாகப் பந்து உருண்டு வரும்போது அந்தப் பக்கத்து ஃபிளிப்பரை, அதாவது பந்தை அடிக்கும் துடுப்பை, உயர்த்திப் பிடித்தபடியே விட்டால், பந்து அதன் மடியில் வந்து அமர்ந்துவிடும். விசையிலிருந்து விரலை எடுக்காதவரை அது அங்கேயே கிடக்கும். இப்போது ஆடுபவர் விளக்குகளைப் படிக்கலாம், எங்கே அடிப்பது என்று முடிவு செய்யலாம், பிறகு ஃபிளிப்பரைத் தாழ்த்தி, பந்து அதன் நுனியை நோக்கி உருளும்போது சரியான புள்ளியில் அடிக்கலாம். ஓடிவரும் பந்தை வந்த வேகத்திலேயே திருப்பி அடிப்பவர் இரண்டு மாறிகளோடு மல்லுக்கட்டுகிறார்: பந்தின் வேகம், அதன் கோணம். நிறுத்தி அடிப்பவருக்கு ஒன்றுதான் மிச்சம்: அடிக்கும் கணம். ஒரே கணத்தில் அடித்தால் பந்து ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போகும். அதனால் அந்த அடியைக் கற்றுக்கொள்ள முடிகிறது. நிறுத்தாமல் அடித்த அடியிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதே நிலைமை மறுபடி வருவதில்லை. கேரம் ஆடுபவர் இந்தக் காயைப் போட்டபின் ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கும், அடுத்த காய்க்கு அது வழிவிடுமா என்று யோசிக்க எடுத்துக்கொள்ளும் நிதானத்தைப் பின்பால் தானாகத் தருவதில்லை; ஆடுபவர்தான் அதை மேசையிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு ஃபிளிப்பர்களையும் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரி. ஒரு பக்கம் காப்பாற்றும்போது மறுபக்கம் திறந்துகொள்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளி அகலமாகிறது. பந்து அதன் வழியே போய்விடுகிறது.

நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் மேசையின் மற்ற ஏற்பாடுகள் பொருள் தருகின்றன. ஹைப்பர்ஸ்பேஸ் சூட்டை எடுத்துக்கொள்வோம். முதல் முறை பந்தை அதற்குள் செலுத்தினால் 10,000 புள்ளி. இரண்டாம் முறை ஜாக்பாட். மூன்றாம் முறை இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் நடுவில் பந்து விழாமல் தடுக்கும் சென்டர் போஸ்ட். நான்காம் முறை கூடுதல் பந்து. ஐந்தாம் முறை கிராவிட்டி வெல். இந்த வரிசையில் எண் மட்டுமே வெகுமதி என்று நினைப்பவர் இரண்டாவதோடு திருப்தி அடைந்துவிடுவார். ஆனால் உச்சப் புள்ளிக்கு உண்மையில் உதவுவது மூன்றாவதும் நான்காவதும்தான். அவை நேரடியாகப் பெரிய எண் எதையும் தருவதில்லை; இன்னும் ஆட அவகாசம் தருகின்றன. பந்து ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் அதில் எத்தனை மிஷன் முடிக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் விலை தெரியும். மல்டிபிளையர் விஷயமும் அப்படியே. அதற்கான இலக்குகளை வீழ்த்த வீழ்த்த, மேசைமேல் பந்து தொடும் இடங்களின் மதிப்பு 2, 3, 5, 10 மடங்காக ஏறுகிறது. ஆனால் அது நிலைத்து நிற்பதில்லை, சிறிது நேரத்தில் இறங்கிவிடும். எண்ணை உயர்த்தும் ஆசையில் அதைத் துரத்துவது, எதைப் பெருக்கப்போகிறோம் என்று தெரியாமல் பெருக்கியை வாங்கி வைத்துக்கொள்வதாகும். ஆட்டம் தொடங்கும் முதல் செயலிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. ஸ்பேஸ் பாரை முழுவதும் அழுத்தி முழு விசையில் பந்தைச் செலுத்துவதுதான் இயல்பு. ஆனால் செலுத்தும் பாதையில் இருக்கும் ஆறு விளக்குகளுக்கு 15,000, 30,000, 75,000, 30,000, 15,000, 7,500 என்று விலை வைத்திருக்கிறார்கள். அளவான விசைக்குத்தான் 75,000. முழு பலத்துக்கு அல்ல.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதே. பின்பால் வெறும் அதிர்ஷ்டம். இதில் வாசிப்பும் திட்டமும் எங்கே வந்தன? இந்தக் கேள்வியை ஒரு நகரமே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டது. நியூயார்க்கில் 1942இல் மேயர் ஃபியோரெல்லோ லகார்டியாவின் காலத்தில் பின்பால் சூதாட்டமாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டது. இயந்திரங்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. அன்றைய நிலையில் அந்த முடிவுக்கு ஓரளவு நியாயம் இருந்தது. அக்காலத்து மேசைகளில் ஃபிளிப்பர் கிடையாது. 1871இல் மாண்டேக் ரெட்கிரேவ் காப்புரிமை பெற்ற வில்விசைச் செலுத்தியால் பந்தை மேலே அனுப்பிவிட்டு, அது ஆணிகளுக்கு நடுவே உருண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதும், கொஞ்சம் மேசையைத் தட்டிப் பார்ப்பதும்தான் ஆட்டம். மின்விசையால் இயங்கும் ஃபிளிப்பர்கள் 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் வந்தன, ஹாரி மேப்ஸ் வடிவமைத்த மேசை அது. அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் தம் ‘டிரிபிள் ஆக்‌ஷன்’ மேசையில் கீழ்ப்பகுதியில் இரண்டு ஃபிளிப்பர்களை மட்டும் வைத்தார். அதற்குப் பிறகு ஆட்டத்தின் தன்மையே வேறாகிவிட்டது. சட்டம் அதைக் கவனிக்கவில்லை. 1976 ஏப்ரலில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நியூயார்க் நகர மன்றக் குழுவின் முன்னால் ஒரு மேசையை ஆடிக் காட்டினார். செலுத்தியை இழுப்பதற்கு முன், பந்து நடுப்பாதை வழியாக இறங்கும் என்று சொல்லிவிட்டு இழுத்தார். பந்து அவ்வாறே இறங்கியது. தடை நீங்கியது.

இந்தக் கதையைப் பின்பால் ஆதரவாளர்கள் திறமைக்குச் சான்றாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு அடி எதையும் நிரூபிப்பதில்லை. அந்த அடியில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். திறமைக்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவரின் நூறு ஆட்டங்களையும் இன்னொருவரின் நூறு ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாமவரின் மோசமான ஆட்டமே இரண்டாமவரின் நல்ல ஆட்டத்தைத் தாண்டி நிற்கும் நிலை பின்பாலில் சாதாரணம். தாயக்கட்டையில் அது நடக்காது. அதிர்ஷ்டம் ஒரு ஆட்டத்தின் எண்ணை ஏற்றி இறக்கும். எந்த எல்லைக்குள் ஏறி இறங்கும் என்பதை ஆடுபவரின் புரிதல் வரையறுக்கிறது.

இங்கே உச்சப் புள்ளி என்ற அளவுகோலின் ஒரு கோளாறையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஸ்பேஸ் கேடட் மேசை ஐந்து உச்ச எண்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறது. சராசரியை அது கேட்பதில்லை. தோற்ற ஆட்டங்களை அது பதிவு செய்வதில்லை. இதனால் உச்ச எண்ணுக்கான வியூகமும் நன்றாக ஆடுவதற்கான வியூகமும் முழுக்க ஒன்றல்ல. நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விலை உண்டு. அங்கே தொடக்கத்திலேயே பந்தை இழப்பது காசை இழப்பது. கணினியில் எஃப்2 விசையை அழுத்தினால் புது ஆட்டம் இலவசம். ஆகவே முதல் பந்தின் முதல் நிமிடத்தில் துணிச்சலுக்கு விலையே இல்லை. பெரிய வாய்ப்பை நோக்கி அடித்து, கைகூடாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். உச்சத்தைத் தேடுபவர் இதைப் பயன்படுத்துவது தவறல்ல, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பதவிகள் ஏறி, கூடுதல் பந்து ஒன்றும் சேர்ந்தபின் கையில் இருக்கும் ஆட்டம் எளிதில் மறுபடி கிடைக்காத ஒன்று. பதவி ஏற ஏற மிஷன்களின் விலையும் ஏறுகிறது. கடைசிக் கட்டத்து ‘மேல்ஸ்ட்ராம்’ மிஷன் 50 லட்சம் தருகிறது, தொடக்க மிஷனைப் போல் பத்து மடங்கு. அதாவது ஆட்டத்தின் பிற்பகுதியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் முற்பகுதி நிமிடத்தைவிட மதிப்பு மிக்கது. தொடக்கத்தில் துணிந்தவர் இப்போது நிதானத்துக்கு மாறவேண்டும். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: பந்து புதிதாக இருக்கும்போது பயந்து பயந்து ஆடுகிறார்கள், எண் ஏறியவுடன் உற்சாகத்தில் கண்மண் தெரியாமல் அடிக்கிறார்கள். உச்ச எண்கள் சரிவதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இரண்டு வியூகங்களும் பிரிவது தொடக்கத்தில் மட்டும். நீண்ட ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவை ஒன்றாகவே நடக்கின்றன.

இரண்டாவது மறுப்பு அசல் இயந்திரத்தை நேசிப்பவர்களிடமிருந்து வருகிறது. 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்து, ஏறக்குறைய ஆறரை டிகிரி சாய்ந்த மரப்பலகை, தேய்ந்த ரப்பர், தளர்ந்த சுருள்வில், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குணம், இடுப்பால் மேசையை நகர்த்தும் உடலின் அறிவு — இவையெல்லாம் இல்லாத ஒன்றில் எடுத்த எண்ணுக்கு என்ன மரியாதை என்று கேட்கிறார்கள். இதில் பாதி உண்மை. டிஜிட்டல் மேசையின் இயற்பியல் யாரோ எழுதிய நிரல். அது எவ்வளவு நொய்மையானது என்பதற்கு இந்த மேசையின் முடிவே சாட்சி. விண்டோஸை 64-பிட் இயந்திரங்களுக்கு மாற்றியபோது, பந்து செலுத்தியின் மேல் வந்து நிற்காமல் அதை ஊடுருவிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி மேசையை விட்டே வெளியேறியது என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். மோதலைக் கண்டறியும் பகுதி வேலை செய்யவில்லை. வெளி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய, விளக்கக் குறிப்புகள் ஏறக்குறைய இல்லாத அந்த நிரலுக்குள் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே விஸ்டாவில் பின்பால் இல்லை. அவரே சொல்லும் இன்னொரு செய்தி: ஆரம்பத்தில் இந்த ஆட்டம் கணினியின் முழுச் சக்தியையும் விழுங்கி, முடிந்த அளவு வேகத்தில் திரையை வரைந்துகொண்டே இருந்தது. நொடிக்கு நூறு சட்டகம் போதும் என்று அவர் வரம்பு வைத்த பிறகே, பின்னணியில் வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பாலும் ஆட முடிந்தது.

ஆனால் மறுப்பின் மறுபாதி தவறு. டிஜிட்டல் மேசையில் தேய்மானம் இல்லை என்பது குறை மட்டுமல்ல. ஒரு அரங்கத்தில் இருக்கும் இயந்திரத்தில் எடுத்த எண்ணை இன்னொரு அரங்கத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது; ஒன்றின் சாய்வு கூடுதலாக இருக்கலாம், இன்னொன்றின் பக்கவழிகள் அகலமாக இருக்கலாம். ஸ்பேஸ் கேடட் எல்லாக் கணினியிலும் ஒரே மேசை. எனவே எண்களுக்கு இடையிலான வேறுபாடு ஆடியவர்களுக்கு இடையிலான வேறுபாட்டை இன்னும் சுத்தமாகக் காட்டுகிறது. உடல் அறிவும் முழுதாகக் காணாமல் போகவில்லை. மேசையை இடமும் வலமும் மேலும் தட்டுவதற்கு விசைகள் உண்டு. அளவு மீறித் தட்டினால் ‘டில்ட்’ ஆகி ஃபிளிப்பர்கள் செயலிழக்கும் தண்டனையும் உண்டு. பெரும்பாலானவர்கள் அந்த விசைகளைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம். பந்து பக்கவழியின் விளிம்பில் தடுமாறும் கணத்தில் ஒரு தட்டு அதை உள்ளே தள்ளிவிடும். எப்போது தட்டக்கூடாது என்பதும் அதே திறமையின் பகுதிதான். நிரலுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ‘ஹிடன் டெஸ்ட்’ என்ற சொற்களைத் தட்டச்சு செய்தால் பந்தைச் சுட்டியால் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். எந்த எண்ணையும் எட்டலாம். அப்படி எட்டிய எண்ணை யாரும் மதிப்பதில்லை. நிரல்தான் என்றாலும், அதன் கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டு பெற்றதே புள்ளி என்ற உணர்வு எல்லோருக்கும் இருக்கிறது. மதிப்பு எஃகில் இல்லை, ஏற்றுக்கொண்ட விதியில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. இப்படிக் கணக்குப் போட்டு, பந்தை நிறுத்தி நிறுத்தி, பாதுகாப்பான ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது விளையாட்டா? பந்தின் ஓட்டத்தில் கிடைக்கும் பரவசத்தை வியூகம் கொன்றுவிடவில்லையா? இந்தக் கவலை உண்மையானது. விதிகளைச் சரியாக எழுதாத மேசைகளில் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் அதற்கான பதிலை நல்ல மேசை தன் விதிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஸ்பேஸ் கேடட்டில் மிஷன் ஒன்றை ஏற்றுக்கொண்டவுடன் எரிபொருள் விளக்குகள் நேரம் போகப்போக ஒவ்வொன்றாக அணையத் தொடங்குகின்றன. எல்லாம் அணைந்துவிட்டால் மிஷன் கைவிடப்படுகிறது. பந்தை மடியில் வைத்துக்கொண்டே இருப்பவர் மிஷனை இழப்பார். ஹைப்பர்ஸ்பேஸ் படிகளும் அப்படித்தான்: இடைவெளி நீண்டால் ஏறிய படி இறங்கிவிடும். மல்டிபிளையர் இறங்குவதை முன்பே சொன்னேன். நிறுத்தலாம், ஆனால் நிறுத்துவதற்கு வாடகை உண்டு. எவ்வளவு நேரம் யோசிக்கலாம், எப்போது யோசனையை முடித்து அடிக்க வேண்டும் என்பதும் தீர்மானத்தின் பகுதியாகிவிடுகிறது. அந்த அழுத்தத்துக்குள் எடுக்கும் முடிவு சலிப்பூட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. பம்பர்களுக்குள் பந்து தானாகத் தெறிப்பதை வாய்பிளந்து பார்ப்பதில் இருப்பது இயந்திரம் தரும் பரவசம். மூன்றாவது ராம்ப் அடி மீதமிருக்க, கடைசி எரிபொருள் விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஃபிளிப்பரைத் தாழ்த்திப் பந்து நுனிக்கு உருள்வதைப் பார்த்து அடிக்கும் கணத்தில் இருப்பது ஆடுபவர் தானே உண்டாக்கிய பரவசம். இரண்டில் எது விளையாட்டு என்ற கேள்விக்கு என் பதில் ஐயமற்றது.

எண்களின் அளவைக் கண்டு மயங்குவதும் இதே வாசிப்பின்மையிலிருந்து வருவதுதான். வில்லியம்ஸ்–பேலி நிறுவனத்தின் ‘அட்டாக் ஃப்ரம் மார்ஸ்’ மேசையில், அதுவும் 1995இல் வந்ததே, புள்ளிகள் நூறு கோடிகளில் ஓடும். அறுபதுகளின் சக்கர எண் மேசைகளில் சில ஆயிரங்கள் எடுத்தாலே நல்ல ஆட்டம். முதலாவதில் ஆடியவர் இரண்டாவதில் ஆடியவரைவிட லட்சம் மடங்கு திறமைசாலி அல்ல. எண் எப்போதும் அந்த ஒரு மேசையின் விதிகளுக்குள் மட்டுமே பேசும். ஆகவே உச்ச எண்ணைக் கேட்டவுடன் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி, எந்த மேசை, எத்தனையாவது பதவி, எத்தனை மிஷன் என்பவையே. அந்த விவரங்கள் இல்லாத எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. இன்றைய டிஜிட்டல் பின்பால் ஆட்டங்கள் உலகளாவிய தரவரிசைப் பட்டியல்களைத் திரையில் காட்டுகின்றன. அவற்றோடு அந்த எண் எந்த வழியில் வந்தது என்பதையும் சேர்த்துக் காட்டினால், பட்டியலைப் பார்ப்பவர்கள் பொறாமைப்படுவதோடு நிற்காமல் எதையாவது கற்றுக்கொள்வார்கள்.

மைக்ரோசாஃப்ட் கைவிட்ட அந்த மேசை அழிந்துவிடவில்லை. ஆர்வலர்கள் பழைய நிரலைப் பின்னோக்கிப் பிரித்து, மனிதர் படிக்கத்தக்க வடிவில் மறுபடி எழுதிவிட்டார்கள். பழைய கோப்புகள் கையில் இருந்தால் 64-பிட் கணினியிலும் லினக்ஸிலும் இன்று அதை ஆட முடிகிறது. மறுபடி அதைத் திறப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பந்தைச் செலுத்துவதற்கு முன் உதவிக் கோப்பை முழுவதும் படியுங்கள். பிறகு ஸ்கோரை மறந்துவிட்டு, பந்தை ஃபிளிப்பரில் நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். இடது கையிலும் வலது கையிலும். அது கைவந்த பிறகு மிஷன் இலக்கு, ராம்ப், மிஷன் என்ற வரிசையில் ஆடுங்கள். மூன்றாவது ஹைப்பர்ஸ்பேஸ் கிடைக்கும்வரை பம்பர்களைத் தேடிப் போகாதீர்கள், அவை இருக்கும் மிஷன் நடந்துகொண்டிருந்தால் ஒழிய.